பச்சைக் காம்பு

ஜூன் 4, புதன்

இன்று காலை ரவை உப்புமாவில் உப்பே போடவில்லை. மறதி இல்லை, சதி. டாக்டர் உப்பைக் குறைக்கத்தான் சொன்னார், ஒழிக்கச் சொல்லவில்லை. நான் ஒரு வாய் தின்று பார்த்தேன், ஈர மணல் மாதிரி இருந்தது. அதைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்துவிட்டுக் கதவோரம் நின்றேன்.

முழுத் தட்டையும் தின்றார்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

வெறும் தட்டை எடுத்துக்கொண்டு போய் அடுக்களையில் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன்.

புருஷன் நல்லாருக்கு என்று சொன்னால் இவளுக்கு என்ன கேடு என்று யாருக்கும் தோன்றும். அவர்களுக்கு எங்கள் வீட்டுக் குற்றாலிங்கத்தைத் தெரியாது. ஐ.டி.ஐ.யில் பிட்டர் பிரிவு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பையன்கள் அவர் முதுகுக்குப் பின்னால் 'குற்றலிங்கம்' என்பார்கள், ஒரு எழுத்தைத்தான் தின்றார்கள், தப்பாகச் சொல்லவில்லை. இரும்பில் தலைமுடியளவு பிசகு இருந்தாலும் கண்டுபிடிக்கிற கண். அதே கண்ணோடுதான் வீட்டுக்கும் வருவார். என் தோசையின் வட்டம், கோலத்தின் கோணம், பெண் பார்க்க வந்த அன்று நான் நீட்டிய காபித் தட்டின் சாய்மானம், எல்லாவற்றுக்கும் மார்க் போட்டிருக்கிறார். நான் இன்றுவரை பாஸ் ஆனதில்லை.

பங்குனியில் அவருக்கு பைபாஸ் ஆனது. எல்லாம் சரியாகிவிட்டது, நடக்கலாம், சின்னச் சின்ன வேலை செய்யலாம், சும்மா மட்டும் படுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். இவர் சும்மாதான் படுத்திருக்கிறார். மின்விசிறியைப் பார்க்கிறார். எதைக் கேட்டாலும் நல்லாருக்கு. நெஞ்சைத் திறந்தபோது குறை சொல்லும் உறுப்பு எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் இன்னொன்று சொன்னார். "ஏட்டி ஆவுடை, அந்த டூல்ஸ் பெட்டிய பால்வண்ணனுக்குக் குடுத்துருவோம். அவன் ஒழுங்கா வச்சிருப்பான்."

பால்வண்ணன் அவருடைய பழைய மாணவன், தென்காசியில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். அந்தப் பெட்டி என்னைக் கட்டுவதற்கு முன்பே அவர் வாங்கியது. என்னைத் தொடுவதற்கு முன்னால் கை கழுவினாரோ இல்லையோ, அதைத் தொடுவதற்கு முன்னால் கழுவுவார்.

"அவனுக்கு இப்பம் நேரம் இல்லையாம்" என்றேன். நான் அவனிடம் பேசவே இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

பழைய இரும்பு, பேப்பர் எடுக்கிறவர் வண்டியோடு வந்தார். அவர் சாக்குக்குள் ஒரு கோடாலித் தலை கிடந்தது. கொழுக்கட்டைக்குப் பாகு ஊற்றியது போல மேலெல்லாம் துரு. காம்பு எப்போதோ முறிந்து, துளைக்குள் மட்டும் ஒரு கட்டைத்துண்டு இறுகிக் கிடந்தது. மூடி இல்லாத குக்கரைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டேன்.

"கேஸ் அடுப்பு வச்சிக்கிட்டு இது எதுக்கும்மா?" என்றார்.

"சார்கிட்ட காட்டணும்" என்றேன். அவர் கொஞ்சம் பயந்த மாதிரி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

கோடாலித் தலையை இவர் மடியில் கொண்டுபோய் வைத்தேன். துரு வேட்டியில் ஒட்டியது. திருப்பிப் பார்த்தார். வேட்டியையும் பார்த்தார்.

"நல்லாருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

ஜூன் 9, திங்கள்

கோடாலித் தலையை அவர் செருப்பு வைக்கும் இடத்தில் வைத்தேன். சுற்றிக்கொண்டு போய்விட்டார். வெறுங்காலோடு.

ஜூன் 15, ஞாயிறு

துருவைப் போக்குவதற்குப் புளியைக் கரைத்து இரண்டு நாள் ஊறப்போட்டேன். ஊறப்போட்டது அவர் குளிக்கிற பக்கெட்டில். வீட்டில் வேறு பக்கெட்டே இல்லாத மாதிரி. அவர் பேசாமல் பாத்திரம் கழுவுகிற குண்டானில் தண்ணீர் மொண்டு குளித்தார். சகிக்கவில்லை.

இன்று கம்பி நாரால் தேய்த்தேன். மேல்துரு போனதும் இரும்பு கறுத்த மீன் முதுகு போலத் தெரிந்தது. ஒரு பக்கம் சின்னக் கிரீடம், அதற்குக் கீழே பாதி தேய்ந்த ஆங்கில எழுத்து. எந்தத் துரையின் தோட்டத்தில் எத்தனை மரத்தைச் சாய்த்ததோ.

துளைக்குள் இருந்த கட்டைதான் வரவில்லை. அடுக்களையில் நின்று, அவர் அறை வரை கேட்கிற மாதிரி, "பேசாம கேஸ்ல வச்சு உள்ள இருக்கத எரிச்சுர வேண்டியதுதான்" என்றேன். பழுக்கக் காய்ந்தால் இரும்பின் உரம் போய்விடும், அப்புறம் அது வெண்ணெய் வெட்டக்கூட உதவாது. பிட்டருக்கு இதைக் கேட்டால் மூச்சு நிற்கும். (எழுதின பிறகுதான் உதாரணம் சரியில்லை என்று தெரிகிறது. அடிக்க மனசில்லை, இருக்கட்டும்.)

எட்டிப் பார்த்தேன். அவர் அசையவில்லை. ஆனால் வலது கால் கட்டைவிரல் அசைந்தது. நான் பார்த்தேன்.

எரிக்கவில்லை, எனக்கென்ன பைத்தியமா? ஆணியையும் சுத்தியலையும் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தெடுத்தேன். நானும் அதே ஐ.டி.ஐ.யில் சுருக்கெழுத்துப் படித்தவள்தான். எங்கள் வகுப்புக்கும் பிட்டர் பிரிவுக்கும் நடுவில் ஒரு சுவர். ஒரு வருஷம் அரம் ராவுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எழுதினேன். சர்ர், ஒரு இடைவெளி, சர்ர். முன்னால் தள்ளும்போது அழுத்த வேண்டும், பின்னால் இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். எவனாவது தூக்காமல் இழுத்தால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கத்தல் வரும், "லேய், என்ன பல்லா தேய்க்கே?" அந்தக் குரலுக்கு முகம் எப்படியிருக்கும் என்று பார்க்கத்தான் ஒருநாள் தண்ணீர் குடிக்கிற சாக்கில்... அது இப்போது எதற்கு?

ஜூன் 19, வியாழன்

இன்று பெரிய கூத்து. நான் ஒன்றும் செய்யவில்லை.

கோடாலிக்குக் காம்பு வேண்டும். கடைக்காம்பு கிடைக்கும். ஆனால் என் கொழுந்தன் இலஞ்சிக்குமாரன் தன் வீட்டுக் கொல்லையில் நல்ல காம்பு ஒன்று காயப்போட்டிருப்பதைப் போன வருஷம் பார்த்த ஞாபகம். நேரடியாகக் கேட்டால் அவன் பெண்டாட்டி கணக்குப் பார்ப்பாள். அதனால் குடும்ப வாட்ஸாப் குழுவில் பொதுவாகப் போட்டேன்:

'ஒரு கோடாலிக்காம்பு தேவைப்படுகிறது. நம் குடும்பத்தில் யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வாய்விட்டுக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அவர்களாகவே முன்வந்தால் நல்லது.'

அனுப்பிவிட்டுத் துணி காயப்போடப் போனேன். திரும்பி வந்தால் குழுவே தீப்பிடித்துக் கிடக்கிறது. 'யாரை மனசில் வைத்துச் சொல்லுகிறாய்' என்று ஒருத்தர். 'குடும்பத்துக்குள்ளே கோடாலிக்காம்பு யார் என்று ஊருக்கே தெரியும்' என்று இன்னொருத்தர். மூன்று பேர் குழுவை விட்டு வெளியேறிவிட்டார்கள். சென்னையில் இருக்கிற ஒரு சித்தப்பா மட்டும் கைகூப்பும் படம் போட்டிருந்தார். அவருக்கு எல்லாவற்றுக்கும் அதுதான்.

நான் எழுதினதை மறுபடி படித்தேன். மரக்கட்டையைக் கேட்டிருக்கிறேன். ஆனால் குடியைக் கெடுத்தவன் யார் என்று கேட்ட மாதிரியும் இருக்கிறது. விளக்கம் சொல்லலாம் என்று விரலைக் கொண்டுபோனேன். அப்புறம், கொஞ்சம் பொறுப்போமே என்று தோன்றியது.

இலஞ்சிக்குமாரன் போன் செய்தான்.

"மதினி, சத்தியமாச் சொல்லுதேன், அம்மன் கோயில் கொடைக்கு வரி நோட்டுல அண்ணன் பேர எழுதாம விட்டது நான் இல்ல. கூட இருந்தது மட்டும்தான்."

அப்படி ஒன்று நடந்ததே எனக்குத் தெரியாது.

"அது கெடக்கட்டும் தம்பி. கொல்லையில காம்பு ஒண்ணு காயப்போட்டிருந்தியளே?"

"காம்பா மதினி?"

"கோடாலிக்குக் காம்பு. மரத்துல செய்வாவள்ல, அது."

"நாளைக்கே பஸ்ல போட்டு விடுதேன் மதினி" என்றான்.

அவருக்கும் அந்தக் குழு உண்டு. போனைப் பார்த்தார். கட்டைவிரல் அசைந்த மாதிரி இருந்தது. கையில்.

ஜூன் 21, சனி

காம்பு வந்துவிட்டது. கருவேலம், நன்றாகக் காய்ந்து, தட்டினால் மணி மாதிரி ஒலிக்கிறது. அசல் சாமான்.

ஜூன் 22, ஞாயிறு

வடிவு மதினி வந்தாள். இவருடைய அக்கா, கடையத்தில் இருக்கிறாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அழுதுகொண்டு வந்தாள். அடுக்களைக்குள் என்னை இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"ஏட்டி ஆவுடை, அந்தக் கோடாலிக்காம்பு நான்தாம்ட்டி."

"மதினி, நான் கேட்டது..."

"நீ பெரிய மனுஷி, பேர் சொல்லாம விட்ட. நான்தான் தம்பிகிட்டச் சொன்னேன். ஆஸ்பத்திரியில அவன் கெடக்கையில ஜாதகத்தத் தூக்கிட்டுப் போய் ஜோசியரப் பாத்தேன். அவன் கேட்டான், அக்கா, என்ன சொன்னாருன்னு. எனக்குப் பொய் சொல்ல வாய் வரல."

"என்ன சொன்னாரு?"

"ஆவணிக்கு மேல சொல்லுததுக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாரு."

ஆவணியில்தான் இவர் பிறந்தநாள், உத்திரட்டாதி நட்சத்திரம். மின்விசிறி எனக்கு இப்போதுதான் புரிந்தது. பெட்டியும் புரிந்தது. உப்பில்லாத உப்புமாவும் புரிந்தது. ஆவணியோடு காலி செய்கிற வீட்டில் யாராவது சுவரின் கோணலைக் குறை சொல்வார்களா?

"மதினி, சொல்லுததுக்கு ஒண்ணும் இல்லன்னா, அதுக்கு மேல தொந்தரவு ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்லா?"

மதினி அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "அப்படியும் இருக்குமோ?"

"நீங்க திருப்பிக் கேக்கலையா?"

"அவரு அடுத்த ஆள கூப்பிட்டுட்டாருட்டி."

இதை இவரிடம் போய்ச் சொல்லிப் பயன் இல்லை. 'நான் இரும்பு படிச்சவன், ஜோசியமா நம்புதேன்?' என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார். சிரித்துவிட்டு மறுபடி மின்விசிறியைப் பார்ப்பார். நம்புகிறேன் என்று சொல்கிற ஆளிடம் வாதாடலாம். நம்பவில்லை என்று சொல்லிக்கொண்டே நம்புகிற ஆளை என்ன செய்வது?

மதினியைச் சும்மா அனுப்பவில்லை. பரிகாரமாக, அவள் வீட்டுக் கொய்யா மரத்தில் நேராக ஒரு கிளை வெட்டிக் கொண்டுவரச் சொன்னேன், நான் சொல்லும்போது. ஏன் என்று கேட்கவில்லை. பரிகாரம் என்றால் மதினி எதையும் செய்வாள்.

கருவேலங்காம்பைப் பரணில், பழைய தலையணைகளுக்குப் பின்னால் போட்டேன். இடத்தை அடைக்கிறது, அதனால்தான்.

ஜூலை 2, புதன்

மழைச்சாரல். வடகம் காயவில்லை. பெட்டியை எப்போது அனுப்புகிறாய் என்று மறுபடி கேட்டார்.

ஜூலை 6, ஞாயிறு

பின்வாசலில் அவருடைய மேஜையும், இரும்பை இறுக்கிப் பிடிக்கிற வைஸும் தூசி படிந்து கிடக்கின்றன. அவர் அறை ஜன்னலுக்கு நேர் கீழே. காலையில் அவர் டிபன் முடித்துச் சாய்ந்ததும் கோடாலித் தலையை வைஸில் மாட்டினேன். பெட்டியைத் திறந்தேன். கை கழுவவில்லை.

அரங்கள் துணி சுற்றிப் படுத்திருந்தன. சொரசொரப்பில் இரண்டாவது ரகத்துக்கு பாஸ்டர்ட் அரம் என்று பெயர். கல்யாணமான புதிதில் இவர் திண்டாட்டமாக ஏதோ வேலை செய்துகொண்டு, "ஆவுடை, அந்த பாஸ்டர்ட எடுத்துட்டு வா" என்று கத்த, கூடத்தில் உட்கார்ந்திருந்த என் அப்பா எழுந்து ஊருக்குக் கிளம்பிவிட்டார். அந்த அரத்தைத்தான் எடுத்தேன்.

தேய்த்தேன். முன்னும் பின்னும், தூக்காமல், அழுத்தி. சர்ர்சர்ர்சர்ர்சர்ர். எனக்கே பல் கூசியது. அரத்தின் பற்கள் பாவம், அவற்றிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஜன்னலில் ஒன்றும் இல்லை. தோள் வலித்தது. போதும், நாளைக்கு வேறு ஏதாவது யோசிப்போம் என்று நினைக்கும்போது மேலேயிருந்து வந்தது.

"ஏட்டி, என்ன பல்லா தேய்க்கே?"

எனக்கு மறுபடி பத்தொன்பது வயசாகிவிட்டது.

திரும்பவில்லை. இன்னும் இரண்டு தேய். செருப்புச் சத்தம் கேட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்வாசலுக்கு வந்து நின்றார்.

"அரத்தப் புடிக்கிற லெச்சணமா இது? தோசக்கரண்டி புடிச்சிருக்கா. தள்ளு. கைய எடு. கால அகட்டி நில்லு. நீ எதுக்கு நிக்க, நகரு அந்தால."

"நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"நல்லாருக்கா? எதுட்டி நல்லாருக்கு? விளிம்பு கடல் அலை மாதிரி போவுது. ஏழாங்கிளாஸ் பையன் இதவிட நல்லாப் பண்ணுவான்."

காது குளிர நின்று கேட்டேன். அவர் வெகுநேரம் ராவினார். சர்ர், இடைவெளி, சர்ர். நடுநடுவே உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, என் அம்மா என்னை வளர்த்த விதத்தையும் ஒரு தடவை தொட்டுவிட்டு. மத்தியானம் ரசத்தில் புளி தூக்கல் என்றார். உண்மையில் தூக்கல் இல்லை. நான் மறுக்கவில்லை.

அதே நாள், பிறகு

சீக்கிரம் சந்தோஷப்பட்டுவிட்டேன்.

விளிம்பு கண்ணாடி மாதிரி ஆனதும் விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் ஒவ்வொரு அரமாக பிரஷ் போட்டுத் துடைத்தார், எண்ணெய் தடவினார், துணி சுற்றினார், பெட்டியில் வரிசையாகப் படுக்க வைத்தார். மூடிக் கொக்கியைப் போட்டார். ஒரு பிள்ளையைத் தூங்கவைத்த மாதிரி இருந்தது.

"கடைசி வேலை திருத்தமா முடிஞ்சுது" என்றார். "பால்வண்ணனுக்கு நானே போன் பண்ணிட்டேன். வார ஞாயித்துக்கிழம வாரேங்கான். நேரம் இல்லன்னு சொன்னியே, அவன் சும்மாதான் இருக்கான்."

கட்டிலுக்குப் போனார். நான் என் கையாலேயே அவருக்கு வழியனுப்பு விழா நடத்திவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

மதினிக்குப் போன் செய்தேன். "வெட்டுங்க."

ஜூலை 12, சனி

மதினி கிளையோடு வந்தாள். பழந்துணிக்குள் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்து, கடத்தல்காரி மாதிரி. இலைகூட முழுசாக உதிர்க்கவில்லை. பட்டையைச் சீவினால் உள்ளே ஈரம், வெள்ளரிக்காய் வாசனை. அரிவாளால் கொஞ்சம் செதுக்கி, கோடாலித் துளையில் செருகி, ஒரு ஆப்பும் அடித்தேன். இந்தக் குடும்பத்துக்கு ஆப்பு வைத்தேன் என்று நாளைக்கு யாராவது சொன்னால் மறுக்க முடியாது. தேங்காயெண்ணெய் தடவி, கரிப்பொடி பூசி, பார்த்தால் பழைய காம்பு மாதிரி செய்துவிட்டேன்.

"பரிகாரம் ஆச்சாட்டி?" என்றாள் மதினி.

"நாளைக்குத் தெரியும்."

ஜூலை 13, ஞாயிறு

பால்வண்ணன் பைக்கில் வந்தான். தலை நரைத்துவிட்டது, ஆனாலும் வாத்தியார் முன்னால் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தான். பெட்டி கூடத்தில் தயாராக இருந்தது. அவன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். எனக்கு அவனைப் பிடிக்கும். இன்று பிடிக்கவில்லை.

காபி கொடுக்கிற சாக்கில் கோடாலியைக் கொண்டுவந்து பெட்டி மேல் வைத்தேன். "தம்பி, சார் தீட்டுன விளிம்பப் பாருங்க. காம்பு நான் போட்டது. இதயும் கொண்டு போங்க."

பால்வண்ணன் கையில் எடுத்து ஓங்கிப் பார்த்தான். "அருமையா இருக்கும்மா."

"அருமையா?" என்றார் இவர்.

கையை நீட்டி வாங்கினார். ஆட்டினார். காதருகே வைத்து விரலால் தட்டினார். கதவைத் தட்டின மாதிரி மொத்தென்று சத்தம் வந்தது. நகத்தால் காம்பைக் கீறினார். கரிக்கு அடியில் பச்சை நிறம் தெரிந்தது. நகத்தை மூக்கில் வைத்து மோந்தார்.

நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"லேய் பால்வண்ணா, உனக்கு நான் என்னத்தச் சொல்லிக் குடுத்தேன்? பச்ச மரம்டே இது. நேத்து வெட்டுனது. ஒரு மாசத்துல சுருங்கும், தல கழண்டு எவன் மண்டையிலயோ போய் விழும். இதப் போயி அருமையா இருக்குங்க?"

"நான் காம்ப கவனிக்கல சார்."

"எத கவனிச்ச நீ? ஏட்டி ஆவுடை, இத எவன்ட்டி உனக்குக் குடுத்தது?"

"உங்க அக்கா."

"அவளுக்கு மரமும் தெரியாது, ஒண்ணுந் தெரியாது. யாரு என்ன சொன்னாலும் பாதியத்தான் கேட்டுட்டு வருவா." சொன்னது அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். கோடாலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆறின காபியை மறுபடி ஆற்றினேன்.

அப்புறம் ஆப்பைத் தட்டி எடுத்துக் காம்பை உருவினார். "இத நிழல்ல காயப்போடணும். வெயில் படக் கூடாது, வெடிச்சிரும். நுனி ரெண்டுலயும் மெழுகு தடவணும். ஆறு மாசம் ஆவும். தை பொறக்கட்டும், நானே எழச்சு மாட்டுதேன். உன் கையில குடுத்தா இதயும் நாசம் பண்ணிருவ."

"தையிலயா?" என்றேன்.

"பின்ன ஆவணியிலயா? மரம் உன் அவசரத்துக்குக் காயுமா?"

பால்வண்ணன் பெட்டியின் கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு, "அப்பம் சார், பெட்டி..." என்று இழுத்தான்.

"பெட்டி இல்லாம நான் பல்லால எழைக்கவா? கைய எடு. தை மாசம் வா, பாப்போம்."

அவன் காபியைக் குடித்துவிட்டுப் போனான். வாசல் வரைக்கும் போய் வழியனுப்பினேன். "மன்னிச்சுக்கிடுங்க தம்பி" என்றேன். "சார் திட்டி எவ்வளவு நாளாச்சு, எனக்கு நல்லாத்தான் இருந்துச்சும்மா" என்றான். அவனை மறுபடி பிடித்துப்போயிற்று.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உப்புமா. இந்தத் தடவை உப்பு அளவாகத்தான் போட்டேன். ஒரு வாய் வைத்துவிட்டு, "களி கிண்டிருக்கா" என்றார். நான் அடுக்களைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். வெங்காயம் நறுக்கினேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

கொய்யாக்காம்பு இப்போது மெழுகு தடவி, அவர் கட்டிலுக்கு அடியில், செய்தித்தாள் மேல் படுத்திருக்கிறது. காலையும் மாலையும் புரட்டிப்போட வேண்டுமாம். என்னை நம்பவில்லை, அவரே எழுந்து புரட்டுகிறார்.

பரணில் தலையணைகளுக்குப் பின்னால் கிடக்கிற கருவேலங்காம்பைப் பற்றி யாரிடமும் மூச்சு விடுவதாக இல்லை. தை மாசம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அதை எங்கே ஒளிப்பது என்பதுதான் இப்போதைக்கு என் கவலை. கொய்யாக்காம்பு காய்ந்ததும், பெட்டி மறுபடி கிளம்பாமலிருக்க, அதில் வேறு ஏதாவது குறை கண்டுபிடித்தாக வேண்டும்.